ரீமேக்கில் வில்லன் சோடை போகாமல் எழுதுவது

கொழும்பை வைத்து ஒரு தென்னிந்தியக் கதையைத் திரும்ப எழுதும்போது, நாயகன் வீடு வெள்ளவத்தையா கொட்டாஞ்சேனையா என்பதிலேயே பாதி நேரம் போய்விடும். வில்லனை அப்படியே தூக்கிவந்து இறக்கிவிடுவார்கள். ஊர்க்குளத்து மடையைப் பூட்டிவைத்து எல்லோரையும் ஆட்டிப்படைத்த பண்ணையார், குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் மாடிக்குடியிருப்பில் வெறும் கோபக்காரக் கிழவர்.

மூலப் படத்தை இரண்டு தரம் பாருங்கள். இரண்டாம் தரம் கொப்பியில் இரண்டு நிரல் போடுங்கள்: இடப்பக்கம் வில்லன் செய்வது, வலப்பக்கம் அதனால் நாயகனுக்கு அடைபடும் வழி. வலப்பக்கம் வெறுமையென்றால் அது உறுமல் காட்சி, தயங்காமல் வெட்டலாம். மற்ற ஒவ்வொரு வரிக்கும், அதே வழியைக் கொழும்பில் யாரால் அடைக்க முடியும் என்று தேடுங்கள். செட்டியார் தெருவில் அடகிலிருக்கும் தாலிக்கொடி, புறக்கோட்டை மொத்த வியாபாரி கடனுக்குக் கொடுத்த சரக்கு, துறைமுகத்தில் விடுவிக்கப்படாமல் கிடக்கும் கொள்கலன். இவற்றில் ஒன்றைக் கையில் வைத்திருப்பவன் குரலை உயர்த்தவே தேவையில்லை.

பொலிஸ் கதையென்றால் பதவியைச் சொல்லுக்குச் சொல் மாற்றக்கூடாது. 2013இல் வந்த மலையாள ‘திரிஷ்யம்’, 2015இல் தமிழில் ‘பாபநாசம்’ ஆனது, இரண்டிலும் ஐ.ஜி.யாக ஆஷா சரத். காணாமற்போன பையனின் தாயும் அவரே. பதவி இல்லையேல் சந்தேகத்துக்குரிய நாயகன் குடும்பத்தை நெருங்கவே முடியாது. தாய் இல்லையேல் கோப்பு எப்போதோ மூடப்பட்டிருக்கும். இந்தியாவில் ஒரு மாநிலத்திலேயே ஐ.ஜி.கள் பலர். அதை அப்படியே பெயர்த்தால் பொலிஸ் மா அதிபர், இங்கே அவர் நாட்டுக்கே ஒருவர். அவர் ஒரு குடும்பத்தை உட்காரவைத்து விசாரித்தால் தியேட்டர் சிரிக்கும். பிரதிப் பொலிஸ் மா அதிபராக்குங்கள். மாநில எல்லை தாண்டித் தப்பும் காட்சியும் இங்கே செல்லாது. நாடு முழுக்க ஒரே பொலிஸ் (வில்லனுக்கு அது இலாபம்தான்).

வில்லன் சோடை போனதைத் தற்செயல்கள் காட்டிக்கொடுக்கும். அவன் நெருக்காததால் கதை நகராது. நகர்த்துவதற்காக யாரோ கைபேசியைத் தவறவிடுவார்கள், கதவோரம் ஒட்டுக்கேட்பார்கள். ரீமேக்கில் இது இரட்டிப்பு நட்டம், முடிவு தெரிந்தே வந்தவர்கள் ‘நாயகன் எப்படி மாட்டாமல் போகிறான்’ என்பதைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அடியாட்களைக் கூட்டுவதும் வாயில் சுருட்டு வைப்பதும் மருந்தல்ல. 120 பக்கத் திரைக்கதையில் 60ஆம் பக்கத்துக்குள், இடைவேளைக்கு முன்னர், அவன் ஒருமுறை உண்மையாகவே வெல்லட்டும். நாயகன் அதில் இழந்தது படம் முடியும்வரை திரும்பக் கூடாது. அந்த வெற்றியும் வில்லனே மூளையைப் பாவித்துப் பெற்றதாக இருக்க வேண்டும்.

நாயகனுக்கு இடம் போதவில்லை, வில்லனைக் குறையுங்கள் என்று தயாரிப்பாளர் கேட்பார். மிரட்டலை வெட்டிக் கொடுங்கள். அவன் துப்புத் துலக்கும் காட்சியில் கைவைக்காதீர்கள்.