கூடைப்பந்தாட்டத்துக்கு விசில் ஊதப் போகிறீர்களா? முதலில் எங்கே நிற்பது என்று பார்ப்போம்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் பிள்ளைகளின் பயிற்சி ஆட்டத்துக்கு மத்தியஸ்தர் வராவிட்டால், "அண்ணா, நீங்கள் ஊதுங்களேன்" என்று ஓரமாக நிற்பவர் கையில் விசிலைத் திணித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். விதிகள் ஓரளவு மனப்பாடம். ஆனாலும் கூடைக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டேன். முன்னால் இருந்த முதுகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கையில் 'பட்' என்று அடி விழுந்தது கேட்டது, அடித்தது யார்? குத்துமதிப்பாக ஊதினேன். இரண்டு அணியும் ஏசின.

படி 1: இடத்தைப் பிரியுங்கள்

கோர்ட் 28 மீற்றர் நீளம், 15 மீற்றர் அகலம். மத்தியஸ்தர் இரண்டு பேர் என்றால் ஒருவர் 'லீட்', மற்றவர் 'ட்ரெயில்'. லீட் பந்துக்கு முன்னே ஓடி, கூடைப் பக்கக் கடைக்கோட்டுக்கு வெளியே நிற்பார். ட்ரெயில் பந்துக்குப் பின்னால், சற்று இடப்பக்கமாக வருவார். பந்து எதிரணிக்குக் கைமாறியதும் ட்ரெயில்தான் புதிய லீட். மூச்சு வாங்க ஓட வேண்டியவர் அவர்.

கோடுகளுக்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. அவரவர் இடக்கைப் பக்கக் கோடு அவரவருக்கு. கடைக்கோடு லீட்டுக்கு, நடுக்கோடு ட்ரெயிலுக்கு. எறிந்த பந்து போகும் போக்கையும் ட்ரெயிலே பார்ப்பார்.

படி 2: இடைவெளியைத் தேடுங்கள்

பந்தையே பார்த்துக்கொண்டிருந்தால் நீங்களும் பார்வையாளர்தான். தாக்குபவருக்கும் தடுப்பவருக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். அது மறைந்தால் ஓரடி, ஈரடி நகருங்கள். கண் தடுப்பவர்மேல் இருக்கட்டும். தன் இடத்தில் நின்று கைகளை நேர்மேலே தூக்கியிருப்பவர்மீது மற்றவர் வந்து மோதினால், தடுத்தவர்மேல் குற்றம் இல்லை. புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். சத்தமாக மோதினாலே ஊதிவிடுகிறோம்.

படி 3: ஊதும்போதே கையும் மேலே

ஃபவுல் (மோதுவது, அடிப்பது போன்ற குற்றம்) என்றால் மூடிய முட்டி. மற்ற விதிமீறல் என்றால் விரித்த உள்ளங்கை, விரல்கள் சேர்ந்து. ஃபவுல் என்றால் புள்ளி எழுதுபவர்களின் மேசைக்குத் தெரிகிற இடத்துக்குப் போய் வீரரின் இலக்கம், ஃபவுலின் வகை, தண்டனை என்று வரிசையாகக் காட்டுங்கள். 12ஆம் இலக்கம் என்றால் வலக்கை முட்டி, இடக்கையில் இரண்டு விரல். வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகுங்கள். வீட்டார் சிரிப்பார்கள், பரவாயில்லை.

ஒரு குவார்ட்டரில் (ஆட்டத்தின் கால் பகுதியில்) ஓர் அணிக்கு நான்கு ஃபவுல் முடிந்துவிட்டால், தடுக்கும்போது அந்த அணி செய்யும் அடுத்த ஃபவுல், கூடைக்குப் பந்தை எறியாதவர்மீது என்றாலும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பு). ஒருவருக்கு ஐந்து ஃபவுல் சேர்ந்தால் வெளியே.

படி 4: ட்ரவல்

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அளவுக்கு மீறி அடி வைப்பதுதான் ட்ரவல். சண்டை வருவது இதில்தான். 2017இல் சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனமான ஃபீபா விதியை மாற்றியது. ஓடிக்கொண்டே பந்தைப் பிடிப்பவரோ ட்ரிபிளை (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போவதை) முடிப்பவரோ, பந்து கட்டுப்பாட்டுக்கு வரும் கணத்தில் தரையில் வைத்திருக்கும் கால் கணக்கில் சேராது. அதற்குப் பிறகு வைப்பதே முதலாவது அடி. இரண்டு அடி வைக்கலாம். பார்ப்பவர் கண்ணுக்கு மூன்று அடி போலத் தெரியும். சுவரோரம் நிற்கும் பெற்றோர் "ட்ரவல்! ட்ரவல்!" என்று கத்துவார்கள். கத்தட்டும். நீங்கள் காலை எண்ணியபடி அடுத்த கூடைக்கு ஓடுங்கள்.