வீடியோ கால் மிரட்டலில் சிக்கினால்

ஃபேஸ்புக்கில் முன்பின் தெரியாத பெண் பெயரில் நட்பு அழைப்பு வரும். கொஞ்ச நேரப் பேச்சு, வாட்ஸ்அப் எண், பிறகு வீடியோ கால். எதிரே ஓடுவது பெரும்பாலும் ஏற்கெனவே எடுத்துவைத்த ஆபாச வீடியோ. திரையில் உங்கள் முகம் தெரியும் சில நொடிகளைப் பதிவு செய்துகொள்வார்கள். அதையும் உங்கள் நண்பர் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டையும் அனுப்பிப் பணம் கேட்பார்கள்.

கொடுக்காதீர்கள். கொடுத்தாலும் வீடியோ அழியப்போவதில்லை. இந்த ஆளிடம் பணம் பெயரும் என்று தெரிந்துவிடும், அவ்வளவுதான். பேரமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம்.

பதற்றத்தில் பலரும் சாட்டை அழித்துவிடுகிறார்கள். புகாருக்கு வேண்டியதெல்லாம் அதில்தான் இருக்கிறது. மிரட்டுபவர் தன் செய்திகளை அழிக்கவும் முடியும் என்பதால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்: நாட்டுக் குறியீட்டோடு முழு எண், தேதியும் நேரமும் தெரியும்படி மிரட்டல், யுபிஐ ஐடி அல்லது கியூஆர் கோடு, புரொஃபைல் லிங்க். பெயர் மட்டும் போதாது, அதை மாற்றிவிடுவார்கள். அவர்கள் அனுப்பிய வீடியோவையும் சேமியுங்கள், பின்னால் உதவும். இத்தனையும் முடிந்த பிறகே ரிப்போர்ட், பிளாக்.

அடுத்து ஃபேஸ்புக்கில் நண்பர் பட்டியலை 'ஒன்லி மீ' ஆக்குங்கள். இன்ஸ்டாகிராமில் கணக்கை பிரைவேட் ஆக்குங்கள். ஏற்கெனவே எடுத்த பட்டியலை இது திரும்பப் பெறாது. அதனால் நெருங்கியவர்கள் சிலரிடம் நீங்களே முந்திச் சொல்லிவிடுவது நல்லது. கூச்சமாகத்தான் இருக்கும், ஆனால் மிரட்டலின் பாதி பலம் அங்கேயே போய்விடும்.

பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பரிவர்த்தனையின் 12 இலக்க யுடிஆர் எண் கையில் இருக்கட்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் சொன்னால்தான் முடக்க வாய்ப்பு. பணம் போகாவிட்டாலும் தேசிய சைபர் கிரைம் தளத்தில் புகார் கொடுத்து ஒப்புகை எண்ணைக் குறித்துவையுங்கள். மிரட்டிப் பணம் பறிப்பது இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-வது பிரிவில் குற்றம்.

சில நாளில் 'சிபிஐ அதிகாரி', 'யூடியூப் அதிகாரி' என்று யாராவது அழைத்து, வீடியோவை நீக்கக் கட்டணம் கேட்கலாம். அதே கும்பல்தான்.

சேமித்த வீடியோ, அந்தரங்கப் படங்கள் பரவுவதைத் தடுக்க உதவும் 'ஸ்டாப் என்சிஐஐ' தளத்துக்குத் தேவைப்படும். கோப்பு உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் டிஜிட்டல் ரேகை (கோப்பை அடையாளம் காட்டும் குறியீடு) மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குப் போய், அங்கே பதிவேற்றினால் அடையாளம் காட்டும். வாட்ஸ்அப் சாட்டில் அனுப்புவதை இதனால் தடுக்க முடியாது. படத்தில் இருப்பவர் 18 வயதுக்குக் கீழே என்றால் இதே போன்ற 'டேக் இட் டவுன்' தளமும் குழந்தைகள் உதவி எண் 1098-ம் இருக்கின்றன. அந்தப் படத்தை ஆதாரம் என்று நினைத்துக்கூட யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.