ஏற்காட்டுக்குச் சுமந்து செல்ல ஒரு சிறிய நெடுங்குவிய லென்ஸ்

ஏற்காட்டின் லேடிஸ் சீட் காட்சிமுனை விளிம்பில் 4×5 ஃபீல்டு கேமராவை (4×5 அங்குலத் தாள் பிலிமில் படமெடுக்கும், மடித்துச் சுமக்கக்கூடிய கேமராவை) நிறுத்தி, வழக்கமான 150 மி.மீ. லென்ஸுடன் அதன் பின்புறம் காட்சி விழும் சொரசொரப்பான கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸைப் பார்த்தால், மனத்தைக் கவர்ந்த தூரத்து மலைமுகடு நடுவில் ஒரு மெல்லிய கீற்றாகச் சுருங்கி, மேலே வானமும் கீழே புதர்களுமே கண்ணாடியை நிறைத்துக்கொண்டிருக்கும். பிலிமில் படம் விழும் அகலம் ஏறக்குறைய 120 மி.மீ. ஆகையால், ஒரு கிலோமீட்டர் தொலைவில் 150 மி.மீ. லென்ஸ் 800 மீட்டர் அகலத்தையும், 240 மி.மீ. லென்ஸ் 500 மீட்டரையும், 300 மி.மீ. லென்ஸ் 400 மீட்டரையும் உள்ளடக்கும். ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலைக் காட்சிகளுக்கு 240, 300 என்ற இந்த இரண்டு நெடிய குவியத்தூரங்களில் ஒன்று கட்டாயம் தேவைப்படும் என்பது என் கருத்து. எது என்பதை லென்ஸைப் பார்த்து முடிவு செய்யாமல், முதலில் கேமராவை அளந்து முடிவு செய்ய வேண்டும்.

அளக்க வேண்டியது துருத்தியை, அதாவது லென்ஸுக்கும் கிரவுண்ட் கிளாஸுக்கும் இடையே நீண்டு சுருங்கும் பெல்லோஸை. லென்ஸைத் தாங்கும் முன்சட்டத்தை அது ஆடாமல் உறுதியாக நிற்கும் கடைசி இடம் வரை நகர்த்தி, லென்ஸ் பலகையிலிருந்து கிரவுண்ட் கிளாஸ் வரையுள்ள தூரத்தை அளவுநாடாவால் அளந்துகொள்ளுங்கள். விளம்பரத்தில் அச்சிட்ட எண் பெரும்பாலும் முழுவதுமாக இழுத்த நிலைக்கு உரியது, அந்த நிலையில் பல மரக் கேமராக்களின் முன்பகுதி தளர்ந்துவிடும். சாதாரண அமைப்புள்ள லென்ஸுக்கு, முடிவிலியில், அதாவது வெகு தூரத்தில் உள்ளவற்றில், குவிக்க அதன் குவியத்தூரத்துக்கு ஏறத்தாழச் சமமான நீளமும், அருகில் உள்ளவற்றுக்கு அதைவிடக் கூடுதல் நீளமும் தேவை. உங்கள் துருத்தி 300 மி.மீ. வரை நீளுமானால், 240 மி.மீ. லென்ஸால் 1.2 மீட்டரில் உள்ள காப்பிக் கிளையைக் கூடக் குவிக்க முடியும், 300 மி.மீ. லென்ஸோ முடிவிலியோடு ஏறக்குறைய நின்றுவிடும். துருத்தி 330 மி.மீ. என்றால் 300 மி.மீ. லென்ஸ் சுமார் 3.3 மீட்டர் வரையும், 360 மி.மீ. என்றால் 1.8 மீட்டர் வரையும் நெருங்கும். குவியத்தூரத்தைப் போல் 1.2 மடங்கு துருத்தி இல்லாத கேமராவுக்கு அந்த லென்ஸை நான் பரிந்துரைப்பதில்லை. முதன்முதலில் நான் இந்தக் கணக்கைப் போடாமல் 300 மி.மீ. லென்ஸை வாங்கி, மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தண்டின் முன் நின்று அதைக் குவிக்க இயலாமல் திரும்பியிருக்கிறேன்.

அடுத்தது எடை. எஃப் 5.6 துளையுள்ள (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) 300 மி.மீ. லென்ஸ், பெரிய கோபல் 3 ஷட்டருடன் (கோபல் என்பது ஷட்டர் தயாரிப்பு; 0, 1, 3 அதன் அளவுகள்) ஏறத்தாழ ஒரு கிலோ வரும். அதன் பாரத்தில் இலகுவான ஃபீல்டு கேமராவின் முன்சட்டம் தலைகுனியும். ஏற்காட்டுப் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் வாகனத்தில் கடந்துவிடலாம் என்றாலும், கிளியூர் அருவிக்கு இறங்கி ஏறும்போது தோள்தான் சுமக்கிறது. எனவே எஃப் 9 அளவிலான சிறு லென்ஸ்களையே தேட வேண்டும். ஃபுஜினான் ஏ 240 மி.மீ. எஃப் 9 லென்ஸ் கோபல் 0 ஷட்டரிலும், நிக்கோர் எம் 300 மி.மீ. எஃப் 9, ஃபுஜினான் சி 300 மி.மீ. எஃப் 8.5 ஆகியவை கோபல் 1 ஷட்டரிலும் வருகின்றன. மூன்றுமே கால் கிலோவை ஒட்டிய எடையுள்ளவை. மூன்றுக்கும் 52 மி.மீ. ஃபில்டரே பொருந்தும், மூன்றின் பிம்ப வட்டமும் (லென்ஸ் வீழ்த்தும் வட்டமான படத்தின் விட்டமும்) 4×5 பிலிமின் 153 மி.மீ. மூலைவிட்டத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் இருப்பதால், லென்ஸை வழக்கமான அளவுக்கு உயர்த்தினாலும் மூலை இருளாது. ஷ்னைடர் ஜி-கிளாரான் 240 மி.மீ. லென்ஸும் நல்லதே, அது நெருக்கமான நகலெடுப்புக்காக வடிவமைக்கப்பட்டது என்பதால் தூரக் காட்சிக்கு எஃப் 22 வரை துளையைச் சுருக்கிப் பயன்படுத்த வேண்டும்.

இந்தச் சிறுமைக்கு ஒரு விலை உண்டு. எஃப் 9 லென்ஸ் கிரவுண்ட் கிளாஸில் தரும் வெளிச்சம், எஃப் 5.6 தருவதில் ஐந்தில் இரண்டு பங்கு மட்டுமே. திறந்த மலைவிளிம்பில் இது பொருட்டல்ல. மூடுபனி இறங்கிய காப்பித் தோட்ட நிழலிலோ, தலையை மூடிக்கொள்ள அடர்த்தியான கருந்துணியும் நல்ல லூப்பும் (உருப்பெருக்கிக் கண்ணாடியும்) கண் இருளுக்குப் பழகும் வரையிலான பொறுமையும் வேண்டும்.

துருத்தி குட்டையாக இருப்பவர்களுக்கு குவியத்தூரத்தைவிடக் குறைந்த துருத்தி நீளமே கேட்கும் டெலிஃபோட்டோ அமைப்பு ஒரு வழி. நிக்கோர் டி 360 மி.மீ. லென்ஸ் முடிவிலியில் ஏறக்குறைய 260 மி.மீ. நீளமே கேட்கிறது. ஆனால் அதன் எடை 800 கிராம் அளவில் இருக்கும். பின் கணுப்புள்ளி (குவியத்தூரத்தை அளக்கத் தொடங்கும் புள்ளி) லென்ஸுக்கு வெகு முன்னே அமைந்திருப்பதால், முன்சட்டத்தைச் சாய்த்தவுடன் காட்சி முழுவதும் கண்ணாடியில் இடம்பெயர்ந்து, சட்டமிடுவதையும் குவிப்பதையும் மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும். சாய்வையே நம்பிப் படமெடுக்கும் எனக்கு அது ஒத்துவரவில்லை.

சாய்வைப் பற்றி இன்னொன்றையும் கருத வேண்டும். லென்ஸ் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது, காலடிப் புல்லிலிருந்து தூரம் வரை கூர்மையாகத் தெரியும் தளத்தைத் தரையோடு படுக்க வைக்க 150 மி.மீ. லென்ஸுக்கு ஏறத்தாழ 6 பாகை போதும், 240 மி.மீ.க்கு 9 பாகையும், 300 மி.மீ.க்கு 11.5 பாகையும் தேவை. உங்கள் முன்சட்டம் அவ்வளவு சாய்ந்த பிறகும் இறுகி நிற்கிறதா என்று வாங்கும் முன் சோதித்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டின் மற்றொரு காட்சிமுனையான பகோடா பாயிண்டில் வீசும் காற்றுக்கு, நீட்டிய துருத்தி கப்பல் பாய் போலாகிவிடும். 300 மி.மீ.க்கு நீட்டிய கேமராவைவிட 240 மி.மீ.க்கு நீட்டியது காற்றில் கண்கூடாகவே குறைவாக அதிர்கிறது. அதனால் சேர்வராயன் மலைக்கு ஒரே ஒரு நெடிய லென்ஸ் என்றால் 240 மி.மீ. என்பேன். சமவெளிக்கு அப்பால் தெரியும் மலைகளை நெருக்கமாக எடுக்க விரும்புபவர், 360 மி.மீ. துருத்தியும் இருந்தால், 300 மி.மீ. லென்ஸை நாடலாம்.

கறுப்பு வெள்ளை எடுப்பவர்கள் 52 மி.மீ. அளவில் மஞ்சள், ஆரஞ்சு ஃபில்டர்களையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் சேலம் சமவெளியின் மேல் படியும் நீலப் புகைமூட்டத்தை நெடிய லென்ஸ் பெரிதாக்கியே காட்டும்.

நிக்கான் நிறுவனம் லார்ஜ் ஃபார்மட் லென்ஸ் தயாரிப்பை நிறுத்துவதாக 2006ஆம் ஆண்டில் அறிவித்தது. கோபல் ஷட்டர்களும் இப்போது தயாரிப்பில் இல்லை. ஆகவே பழைய லென்ஸைத்தான் வாங்கப் போகிறீர்கள். ஷட்டரின் 1 விநாடி முதல் 1/8 விநாடி வரையான மெதுவான வேகங்களைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து சரிபாருங்கள். மெதுவான வேகங்களில் தடுமாறும் ஷட்டர் பழுதுபார்ப்புக்கு உரியது. திறந்த லென்ஸின் பின்னிருந்து டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சினால் சிலந்தி வலை போன்ற பூஞ்சை தெரிந்துவிடும். விளிம்பில் கறுப்பு மை உதிர்ந்த வெண்புள்ளிகளால் படத்துக்குக் கேடில்லை, பூஞ்சையை மட்டும் ஏற்காதீர்கள். பலகையில் கோபல் 0 ஷட்டருக்கு ஏறத்தாழ 35 மி.மீ., கோபல் 1 ஷட்டருக்கு 42 மி.மீ. துளை வேண்டும், வெற்றுப் பலகை கிடைத்தால், ஷட்டரையே கொண்டுபோய்க் காட்டி சேலத்தில் ஒரு லேத் பட்டறையில் துளையிட்டுக்கொள்ளலாம்.

லென்ஸ் வந்த பிறகு, மலைக்குப் புறப்படும் முன்பே, சேலத்தில் வீட்டு மொட்டை மாடியில் காலை வெளிச்சத்தில் சேர்வராயன் முகட்டுக் கோட்டை எஃப் 22இல் ஒருமுறை நேராகவும், லென்ஸை உயர்த்தி ஒருமுறையும் படமெடுத்து, கழுவிய இரண்டு நெகட்டிவ்களின் மூலைகளையும் லூப் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.