அம்மா சிவாஜி படம் பார்க்க எந்த இணைய இணைப்பு?

மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பெற்றோருக்காக இணைய இணைப்பு எடுக்கும் தமிழர்கள், விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்பட்ட வேகத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். 1964-இல் வெளிவந்து, டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு 2012-இல் திரையரங்குகளுக்குத் திரும்பிய ‘கர்ணன்’ படத்தில் சிவாஜி கணேசனின் கண்ணசைவைக்கூடத் தவறவிடாமல் முழு எச்.டி. தரத்தில் காண, நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் வேகம் போதும். ஆகவே, அடிக்கடி அறுபடும் 300 மெகாபிட் இணைப்பைவிடத் தடையின்றி ஓடும் 50 மெகாபிட் இணைப்பே மேலானது.

இணைப்பு தடையின்றி ஓடுமா என்பதைத் தெரிந்துகொள்ள, அதே கட்டடத்தில் அந்த இணைப்பை வைத்திருப்பவரிடம், இரவு 8 மணி முதல் 10 மணி வரை படம் நின்று நின்று ஓடுகிறதா என்றும், மழைக்காலத்தில் கேபிள் பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்கிறார்கள் என்றும் கேளுங்கள். இப்படி விசாரிக்காமல் ஓராண்டுக் கட்டணத்தை முன்னதாகவே செலுத்திவிட்டு, ஆடி மாதம் முழுவதும் என் தாயார் படம் பார்க்க இயலாமல் தவித்ததை நான் மறக்கவில்லை. முதலில் ஒரு மாதத் திட்டமே போதும்.

அறிவிக்கப்படும் கட்டணத்துடன் பெரும்பாலும் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனியாகச் சேரும். இணைப்புடன் இலவசமாகத் தரும் ஓ.டி.டி. (இணையவழிப் படம் பார்க்கும்) செயலிகளில் பழைய தமிழ்ப் படங்கள் உள்ளனவா என்று தேடிப் பார்த்த பிறகே அவற்றுக்கு மதிப்புக் கொடுங்கள்; அத்தகைய படங்கள் பலவற்றை உரிமையாளர்களே யூடியூபில் வெளியிட்டிருக்கிறார்கள். ரவுட்டரை வாசலருகே மாட்டாமல் தொலைக்காட்சிக்கு அருகில் வைக்கச் சொல்லி, முடிந்தால் லேன் கேபிளால் இணைத்துவிடுங்கள்.