போலந்துப் படைவீரரின் கதையைப் பதிவு செய்வது எப்படி?

1944 மே மாதம் இத்தாலியின் மோன்டே காசினோவில் இருபது வயதில் சண்டையிட்ட போலந்து வீரருக்கு இன்று நூறைத் தாண்டியிருக்கும். அதனால் நீங்கள் பேசப்போவது பெரும்பாலும் அவருடைய மகளிடமோ பேரனிடமோதான். பரவாயில்லை, பரண்மேல் ஏதாவது ஒரு பெட்டி இருக்கும்.

1. பெட்டியை முதலில் திறங்கள். படை அடையாளப் புத்தகம், பதக்கம், கடிதம் என எல்லாவற்றையும் இருபுறமும் ஸ்கேன் செய்யுங்கள். போட்டோவுக்கு 600 டிபிஐ (ஸ்கேனின் நுணுக்க அளவு) போதும். ஆல்பத்தில் ஒட்டியதைப் பிய்க்காமல் பக்கத்தோடு படமெடுங்கள். பின்புறம் பெயர் எழுத மென்மையான பென்சில்தான், பேனா வேண்டாம்.

2. வரைபடத்தை விரியுங்கள். "போர் எப்படி இருந்தது?" என்றால் "கஷ்டம்தான்" என்று பதில் முடிந்துவிடும். "1940ல் எங்கே இருந்தார்? அப்புறம்?" என்று கேளுங்கள். சோவியத் மண்ணில் போலந்துக்காரர்களைத் திரட்டிய ஜெனரல் ஆண்டர்ஸின் படையில் இருந்தவர் என்றால் பல வீடுகளில் வழி இப்படிப் போகும்: கிழக்குப் போலந்திலிருந்து சோவியத் ஆட்கள் சைபீரியாவுக்கோ கஜகஸ்தானுக்கோ கொண்டுபோனார்கள், 1941ல் போலந்தும் சோவியத்தும் செய்த ஒப்பந்தத்தால் விடுதலை, 1942ல் காஸ்பியன் கடலைத் தாண்டி ஈரானின் பஹ்லவி துறைமுகம், பிறகு இராக், பாலஸ்தீனம், இத்தாலி. ஊர்ப்பெயரை அன்றையது, இன்றையது என இரண்டாகவும் குறியுங்கள். அன்றைய 'ல்வூஃப்' இன்று உக்ரைனின் லிவிவ்.

3. 1945ல் நிறுத்திவிடாதீர்கள். எனக்கு இதுதான் முக்கியமான பகுதி. சொந்த ஊர் சோவியத் எல்லைக்குள் போய்விட்டதால் பலர் திரும்பவில்லை. அவர்களைக் குடிமக்கள் வாழ்க்கைக்கு மாற்ற பிரிட்டன் 1946ல் போலந்து மீள்குடியேற்றப் படையையும் 1947ல் அதற்கான சட்டத்தையும் கொண்டுவந்தது. குடும்பங்கள் பழைய ராணுவ முகாம்களின் தகரக் கொட்டகைகளில் வாழ்ந்தன. சிலர் இரண்டு வருட ஒப்பந்தத்தில் கனடாவில் பண்ணை வேலைக்கும், லிபியாவின் டொப்ரூக்கில் போரிட்ட சிலர் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் நீர்மின் திட்ட வேலைக்கும் போனார்கள். முதல் கூலி எவ்வளவு, பெயரை ஏன் மாற்றினார், கொட்டகையில் என்ன சமைத்தார்கள் என்று கேளுங்கள்.

4. சைலீசியா, பொமரேனியா பக்கத்து ஆண்கள் பலரை ஜெர்மன் ராணுவம் கட்டாயமாகச் சேர்த்தது. நேச நாட்டுப் படைகளிடம் பிடிபட்ட பின் போலந்துப் படைக்கு மாறியவர்கள் உண்டு. இது வந்தால் துருவாதீர்கள். எதை வெளியிடலாம் என்று எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

5. போனை ஏரோபிளேன் மோடில் போட்டு வாவ் (WAV, சுருக்கப்படாத ஒலி) கோப்பாகப் பதிவு செய்யுங்கள். போலிஷில் பேசினால் பேசட்டும், மொழிபெயர்ப்பு பிறகு. வீட்டில் பழைய கேசட் இருந்தால் அதைத்தான் முதலில் டிஜிட்டலாக்க வேண்டும். மூன்று பிரதிகள், ஒன்று வேறு வீட்டில். லண்டனில் உள்ள போலந்து வரலாற்றுக்கான சிகோர்ஸ்கி அருங்காட்சியகத்துக்குத் தர நினைத்தால் முதலில் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

பெட்டியைத் திருப்பித் தரும்போது காகிதங்களைப் பழைய வரிசையிலேயே வையுங்கள். எந்தக் கடிதம் எதோடு கட்டியிருந்தது என்பதும் தகவல்தான்.