இரண்டாவது முறை நெஞ்சைத் திறக்கும்போது: ரோபோவை நம்பிச் செய்யும் தவறுகள்

இதய அறுவை சிகிச்சையில் ரோபோ தானாகவே வெட்டித் தைத்துவிடும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தானாக இம்மியும் அசையாது. சில அடி தள்ளி அமர்ந்திருக்கும் மருத்துவரின் கையசைவைத்தான் உள்ளே நுழைந்த கருவிகள் செய்துகாட்டுகின்றன. எனவே இயந்திரம் புதியதா என்று விசாரிப்பதைவிட, ஏற்கெனவே அறுவை சிகிச்சை நடந்த நெஞ்சுகளில் இந்தக் குழு எத்தனை முறை ரோபோவைப் பயன்படுத்தியிருக்கிறது என்று கேளுங்கள். முதல்முறை நோயாளிகளின் கணக்கு இங்கே உதவாது.

காரணம், வடுத்திசு. முதல் அறுவைக்குப் பின் இதயம் மார்பெலும்பின் பின்புறத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்த எலும்பை மீண்டும் அறுக்கும்போது இதயத்தின் வலது கீழறையோ, முன்பு வைத்த பைபாஸ் குழாயோ கிழியலாம். ரோபோ கருவிகள் விலா எலும்புகளுக்கு இடையிலான சிறு துளைகள் வழியே போய், மார்பெலும்பைத் தொடாமலே மைட்ரல் வால்வை (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வை) எட்டுகின்றன. சின்னத் தழும்பைவிட இதுதான் பெரிய லாபம். ஆனால் எலும்பைத் தவிர்த்ததாலேயே ஒட்டுகளையும் தவிர்த்துவிட்டதாக எண்ணக் கூடாது. வலது நுரையீரலும் நெஞ்சுச் சுவரோடு ஒட்டியிருக்கலாம். அங்கே இடத்தைப் பிரித்தெடுக்கவே நெடுநேரம் பிடிக்கும். பெரும்பாலான ரோபோக்களில் தொடுவுணர்வு மருத்துவரின் விரலுக்கு வராது. திசு எவ்வளவு இழுபடுகிறது என்பதைக் கண்ணால்தான் கணிக்க வேண்டும். இங்கே அவசரம் ஆகாது.

சிடி ஸ்கேனை வெறும் சடங்காக நினைப்பது அடுத்த தவறு. பழைய பைபாஸ் குழாய் எந்த வழியாகப் போகிறது என்பதோடு, தொடை முதல் மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) வரை ரத்தக்குழாயின் நிலையையும் அது காட்ட வேண்டும். அறுவையின்போது இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தின் ரத்தம் பெரும்பாலும் தொடைத் தமனி வழியே மேல்நோக்கித்தான் செலுத்தப்படுகிறது. வழியில் கொழுப்புப் படிவு இருந்தால் அது பெயர்ந்து மூளைக்குப் போகலாம். மகாதமனி வால்வில் கணிசமான கசிவு இருந்தாலும் இந்த ரோபோ வழி பலருக்குப் பொருந்தாது.

நோயாளி பக்கத்துத் தவறுகள் இரண்டு. பழைய அறுவைக் குறிப்பைத் தேடி எடுக்காமல், டிஸ்சார்ஜ் சுருக்கத்தை மட்டும் கொண்டுவருவது ஒன்று. ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையைத் தானாகவே நிறுத்துவது இன்னொன்று. அத்தகைய மாத்திரையான குளோபிடோக்ரெல்லை வழக்கமாக 5 நாட்களுக்கு முன்பு நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் அண்மையில் ஸ்டென்ட் வைத்தவர் தாமாக நிறுத்தினால் அந்த ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம்.

நடுவில் ரோபோவை விலக்கிவிட்டு நெஞ்சைத் திறக்க நேர்ந்தால், அதைத் தோல்வி என்று குடும்பத்தினர் கொதிப்பதைப் பார்த்திருக்கிறேன். சிக்கல் தெரிந்தும் மாறாமல் பிடிவாதம் பிடிப்பதுதான் ஆபத்து. எந்தக் கட்டத்தில் மாறுவார்கள் என்பதை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.