சிறிய கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது எப்படி: கல்லூரியையும் ஊரையும் சேர்த்துப் பார்க்கும் முறை

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்த சில நாட்களிலேயே கல்லூரியை முடிவு செய்யும் நெருக்கடி ஒவ்வொரு வீட்டிலும் தொடங்கிவிடுகிறது. சென்னை, கோவை, திருச்சி, மதுரை நகரங்களின் பெயர்பெற்ற கல்லூரிகளில் இடம் கிடைப்பவர்கள் சிலரே. மற்றவர்களில் பலர், ஏழெட்டுத் துறைகளும் சில நூறு முதல் ஓராயிரம் வரையிலான மாணவர்களும் கொண்ட, தாலுகா ஊரிலோ அதையொட்டிய கிராமத்திலோ இருக்கும் கலை அறிவியல் கல்லூரிகளில் சேர்கிறார்கள். இத்தகைய கல்லூரியில் நல்ல கல்வி கிடைக்காது என்ற எண்ணம் தவறானது. ஆனால், எந்தச் சிறிய கல்லூரி என்பதை விசாரித்துத் தெரிந்துகொள்ளாமல், உறவினர் ஒருவர் சொன்னார் என்பதற்காகவோ கட்டணம் குறைவு என்பதற்காகவோ மட்டும் சேர்ந்துவிடுவது மூன்று ஆண்டுகளைப் பணயம் வைப்பதாகும்.

பெரிய கல்லூரி தன் வளாகத்துக்குள்ளேயே விடுதி, நூலகம், உணவகம், மருத்துவ அறை, விளையாட்டுத் திடல் எல்லாவற்றையும் வைத்திருக்கும்; மாணவர் ஊருக்குள் வராமலே படித்து முடித்துவிடலாம். சிறிய கல்லூரியால் அது முடியாது. அங்கே இல்லாததை ஊர் தர வேண்டும், ஊரில் இல்லாததைக் கல்லூரி தர வேண்டும். ஆகவே கல்லூரியின் குறைகளைத் தனியாகவும் ஊரின் குறைகளைத் தனியாகவும் எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. இரண்டிலும் கிடைக்காதவை எவை என்று பார்த்து, அவை உங்கள் பிள்ளைக்கு அவசியமா என்று கேட்டுக்கொண்டால் முடிவெடுப்பது எளிதாகும்.

முதலில் கல்லூரி. அது அரசுக் கல்லூரியா, அரசு உதவி பெறுவதா, சுயநிதியா என்று தெரிந்துகொள்ளுங்கள். அரசு உதவி பெறும் கல்லூரிகள் பலவற்றில் அதே வளாகத்துக்குள் சுயநிதிப் பிரிவும் இயங்குகிறது. பெயர்ப்பலகை ஒன்றுதான் என்றாலும் கட்டணமும் ஆசிரியர்களின் பணி நிலையும் வேறு, சில இடங்களில் வகுப்பு நேரமும் வேறு. எந்தப் பிரிவில் இடம் தருகிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டத்தின் 2(எஃப்), 12(பி) பிரிவுகளின் கீழ் (முதலாவது கல்லூரி என்ற அங்கீகாரம், இரண்டாவது மானியம் பெறும் தகுதி) கல்லூரி அங்கீகாரம் பெற்றிருக்கிறதா, எந்தப் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்றது, பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே நடத்தும் தன்னாட்சிக் கல்லூரியா என்பவை அடுத்த கேள்விகள். கல்லூரிகளை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் (NAAC) தந்த தரச்சான்று இருந்தால் தர எழுத்தை மட்டும் பார்க்காமல் அது எந்த ஆண்டு வழங்கப்பட்டது, எந்த ஆண்டு வரை செல்லும் என்பதையும் பாருங்கள். காலாவதியான தரத்தை இன்றைய தரம் போல விளம்பரத்தில் அச்சிடும் கல்லூரிகளும் உண்டு.

2016 முதல் வெளியாகும் தேசிய தரவரிசைப் பட்டியலான என்ஐஆர்எஃப்-இல் ஒரு கல்லூரி எத்தனையாவது இடம் என்பதைவிட, அதற்காக அக்கல்லூரி கொடுத்த தரவு நமக்கு அதிகம் பயன்படும். பங்கேற்கும் கல்லூரிகள் அந்தத் தரவைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். முதலாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குச் சென்றார்கள் என்பவை அதில் இருக்கும். சேர்ந்தவர்களுக்கும் முடித்தவர்களுக்கும் இடையிலான வித்தியாசம் பெரிதாக இருந்தால், அதற்குக் காரணம் என்ன என்று கல்லூரியிடமே தயங்காமல் கேளுங்கள். பங்கேற்காத கல்லூரி என்பதாலேயே அதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இதே கேள்விகளைத் துறைத்தலைவரிடம் நேரில் கேட்கலாம், பதிலை மழுப்புகிறாரா நேராகச் சொல்கிறாரா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

சிறிய கல்லூரியைப் பொறுத்தவரை கல்லூரியின் பெயரைவிடத் துறையே முக்கியம். நான்கு ஆசிரியர்கள் மட்டுமே உள்ள துறையில் ஒருவர் வேலையை விட்டுப் போனால் கற்பித்தலில் கால் பங்கு போய்விடுகிறது. ஆகவே நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர், ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே இருப்பவர்கள் யார் என்று கேளுங்கள். விருப்பப் பாடங்கள் என்று பாடத்திட்டத்தில் மூன்று நான்கு அச்சிடப்பட்டிருந்தாலும், ஆள் இல்லாததால் ஒன்றை மட்டுமே நடத்துவது சிறிய துறைகளில் வழக்கம். சென்ற ஆண்டு உண்மையில் எதை நடத்தினார்கள் என்று மூன்றாமாண்டு மாணவரிடம் கேட்டால் சரியான பதில் கிடைக்கும். மறுபக்கம், நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஆசிரியருக்கு ஒவ்வொரு மாணவரின் பெயரும் வீட்டு நிலைமையும் தெரிந்திருக்கும். தொடர்ந்து இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்கும் ஆசிரியர்கள் இத்தகைய கல்லூரிகளில்தான் இருக்கிறார்கள். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு இது எந்தத் தரச்சான்றையும்விடப் பெரியது என்பது என் உறுதியான கருத்து.

நூலகத்துக்குக் கட்டாயம் செல்லுங்கள். நூல்கள் எத்தனை ஆயிரம் என்று அறிவிப்புப் பலகை சொல்லும், அது போதாது. பிள்ளை படிக்கப்போகும் பாடத்தின் அடுக்கிலிருந்து நான்கைந்து நூல்களை எடுத்துப் பின்னட்டையின் உட்புறம் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். கடைசி முத்திரை சென்ற மாதத்தையோ சென்ற பருவத்தையோ காட்டினால் அங்கே மாணவர்கள் படிக்கிறார்கள். சீட்டில் பல ஆண்டுகளாக முத்திரையே விழவில்லை என்றால், ஒருவேளை கணினியில் பதிவு செய்கிறார்களா என்று நூலகரிடம் கேட்டுவிட்டு, இல்லை என்றால் அந்த அறை ஆய்வுக் குழுவுக்காக மட்டுமே திறக்கப்படுகிறது என்று கொள்ளலாம்.

இனி ஊர். தமிழ்நாட்டில் கல்லூரியும் ஊரும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும் விதங்கள் பல. பாளையங்கோட்டையில் தூய சவேரியார், தூய யோவான், சாராள் தக்கர் என்று பழைய கல்லூரிகள் பல அருகருகே இருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அங்கேயே உண்டு. அங்கே ஒரு சிறிய கல்லூரியில் படித்தாலும், பக்கத்துக் கல்லூரியின் கருத்தரங்கு, பழைய புத்தகக் கடை, வாடகை அறை என்று ஊரே மாணவர்களுக்கு ஏற்றதாக இருக்கிறது. 1854-இல் தொடங்கப்பட்ட கும்பகோணம் அரசுக் கல்லூரிக்குக் காவிரிக் கரையும் ரயில் நிலையமும் பெரிய கடைவீதியும் துணை. தஞ்சாவூர் அருகே பூண்டியில் 1956 முதல் இயங்கும் புஷ்பம் கல்லூரி கிராமத்தில் இருப்பது. சுற்றுவட்டாரப் பிள்ளைகளைத் தேடி வந்த கல்லூரி அது என்பதால், அங்கே ஊரிடம் எதிர்பார்க்க வேண்டியவை குறைவு, போக்குவரத்தும் கல்லூரியின் வசதிகளுமே முக்கியம். அதே 1956-இல் தொடங்கி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருக்கும், திண்டுக்கல் அருகேயுள்ள காந்திகிராமம், பக்கத்து ஊரான சின்னாளப்பட்டியையும் சுற்றியுள்ள கிராமங்களையும் பாடத்தின் பகுதியாகவே வைத்துக்கொண்ட நிறுவனம். எதைத் தேர்ந்தாலும், ஊர் அந்தப் படிப்புக்கு என்ன தருகிறது என்ற கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

ஊரைப் பார்க்கப் போவது வேலை நாளாக இருக்க வேண்டும். சேர்க்கை முகாம் நாளிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ போனால் எதுவும் தெரியாது. காலை எட்டு மணிக்குப் பேருந்து நிலையத்தில் இறங்கி, பிள்ளை போகப்போகும் அதே டவுன் பஸ்ஸில் ஏறி, கல்லூரி விட்டபின் அதே வழியில் திரும்புங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவி; ஆனால் அந்தத் தடத்தில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேருந்துகள், ஆய்வக வகுப்பு முடிந்து மாலை ஐந்து மணிக்கு மேல் வருபவர்களுக்கு எந்தப் பேருந்து என்பதையும் பார்த்தாக வேண்டும். கல்லூரிப் பேருந்து என்றால் அதன் ஆண்டுக் கட்டணத்தைக் கல்விக் கட்டணத்தோடு கூட்டியே மற்றக் கல்லூரிகளோடு ஒப்பிடுங்கள். அண்மைக் காலத்தில் தொடங்கப்பட்ட கல்லூரிகள் பல புறவழிச்சாலையையும் நான்குவழிச் சாலையையும் ஒட்டி இருக்கின்றன. அங்கே பேருந்து எந்தப் பக்கம் நிற்கிறது, சாலையைக் கடக்கச் சுரங்கப்பாதையோ சிக்னலோ இருக்கிறதா, அல்லது தடுப்புச்சுவரின் இடைவெளி வழியாகத்தான் பிள்ளைகள் ஓடுகிறார்களா என்பதை நின்று கவனியுங்கள். பலர் பார்க்கத் தவறுவது இதைத்தான். எனக்கு மிகுந்த கவலை தருவதும் இதுவே.

வெளியூர்ப் பிள்ளை என்றால் தங்குமிடம் அடுத்த பெரிய விஷயம். கல்லூரி விடுதி இருந்தால் கட்டிடத்தைவிடத் தண்ணீரையும் கழிவறையையும் பாருங்கள். கோடையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று விடுதி மாணவரிடம் கேளுங்கள். தனியார் மகளிர் விடுதி என்றால் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெற வேண்டிய உரிமம் இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர், மிகப்பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகளின் விடுதிகளில் உணவும் தங்குமிடமும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகளில் சேர, வீட்டுக்கும் கல்லூரிக்கும் குறைந்தது 8 கிலோமீட்டர் தொலைவு இருக்க வேண்டும் என்ற விதி மாணவியருக்குப் பொருந்தாது.

வாடகை அறை தேடும்போது மறைக்காமல் பேச வேண்டிய ஒன்று உண்டு. “நீங்க என்ன ஆளுங்க?” என்ற கேள்வியோடுதான் பல ஊர்களில் வீட்டுக்காரர் பேச்சைத் தொடங்குகிறார். தலித் மாணவர்களும் சிறுபான்மை மதத்து மாணவர்களும் அறைக்காக அலைய வேண்டியிருப்பது நம் ஊர்களின் உண்மை நிலை. அங்கே ஏற்கெனவே படிக்கும், உங்கள் பிள்ளையைப் போன்ற பின்னணி கொண்ட மூத்த மாணவர் ஒருவரைக் கண்டுபிடித்து, எந்தத் தெருவில் அறை கிடைக்கும், வகுப்பறையில் எப்படி நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். கல்லூரி வாசலில் மாணவர்கள் சாதி நிறக் கயிறுகளோடு கூட்டம் கூட்டமாகப் பிரிந்து நிற்கிறார்களா என்பதையும் பார்க்கலாம். கல்வி நிலையங்களில் சாதி வேற்றுமையைக் களைவது பற்றி 2024-இல் அரசிடம் அறிக்கை அளித்த நீதிபதி சந்துரு குழு கவனப்படுத்தியவற்றுள் இந்த அடையாளங்களும் ஒன்று.

“அந்த ஏரியா சரியில்லை” என்று யாராவது சொன்னால் அப்படியே ஏற்காதீர்கள். என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று திருப்பிக் கேளுங்கள். பல நேரங்களில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சம்பவமும் இராது. ஏழைகளோ குறிப்பிட்ட சாதியினரோ மதத்தினரோ அங்கே வசிக்கிறார்கள் என்பது மட்டுமே இருக்கும். அதற்குப் பதிலாக, பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியவற்றைப் பாருங்கள். மாலை ஆறரை மணிக்கு மேல் கல்லூரியிலிருந்து நிறுத்தம் வரை நடந்து, தெருவிளக்கு எரிகிறதா, கடைகள் திறந்திருக்கின்றனவா, மற்றப் பெண்கள் தனியாக நடந்து போகிறார்களா என்று கவனியுங்கள். மதுக்கடை கல்வி நிலையத்திலிருந்து மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டரும் பிற இடங்களில் 100 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தொலைவு மிகக் குறைவு என்பதால் விதிப்படி இருக்கும் கடைகூட நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கக்கூடும். கல்லூரிக்குள், பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு உறுப்பினர்களின் பெயர்களும் ராகிங் தடுப்புக் குழுவின் தொலைபேசி எண்களும் பலகையில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ராகிங்கைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1997 முதல் இருக்கிறது. பலகை வைக்கக்கூட முனையாத நிர்வாகத்திடம் புகாருக்கு நடவடிக்கை எதிர்பார்ப்பது கடினம்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒன்று. பாதுகாப்பு என்ற பெயரில், வீட்டுக்கு மிக அருகில் உள்ள கல்லூரியில் எந்தப் பாடம் கிடைக்கிறதோ அதில் சேர்த்துவிடும் வழக்கம் இன்னும் வலுவாக இருக்கிறது. பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவுக்கு இரண்டு பேருந்து மாறி, இருட்டிய பின் வீடு திரும்பும் பயணத்தைவிட, நாற்பது கிலோமீட்டர் தள்ளி, நல்ல விடுதியும் நடந்து போகும் தொலைவில் கல்லூரியும் உள்ள ஊர் பாதுகாப்பாக இருக்கலாம். தொலைவை மட்டும் வைத்து அவளுடைய பாடத்தை நாம் முடிவு செய்யக் கூடாது.

மற்றவை சுருக்கமாக. அரசு மருத்துவமனை எவ்வளவு தொலைவு என்று கேட்டுவையுங்கள். டெல்டா மாவட்டங்களில் வடகிழக்குப் பருவமழையும் நவம்பர் பருவத்தேர்வும் ஒன்றாக வரும். மழை நாளில் கல்லூரிச் சாலை எப்படி இருக்கும் என்று விசாரியுங்கள். திருப்பூர், சிவகாசி போன்ற தொழில் ஊர்களில் பகுதிநேர வேலை எளிதில் கிடைக்கும், அதே எளிமையால் படிப்பைப் பாதியில் விட்டவர்களும் உண்டு.

கணக்குப் போடும்போது உதவித்தொகையையும் சேருங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் கீழ் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். பல பிள்ளைகளுக்கு அது பயணச் செலவையும் தேர்வுக் கட்டணத்தையும் தாங்கிவிடும்.

பணம் கட்டும் நாளில் அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தபின் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள்; “நன்கொடை”, “கட்டிட நிதி” என்று ரசீதில்லாமல் கேட்கும் இடத்தில் சேர்க்க வேண்டாம். அரசுக் கலைக் கல்லூரிகளின் கலந்தாய்வு முடிவு வருவதற்கு முன் தனியார் கல்லூரியில் கட்ட நேர்ந்தால், விலகும்போது எந்தத் தேதிக்குள் எழுதிக் கொடுத்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை அந்த ஆண்டுக்கான யுஜிசி அறிவிப்பில் பார்த்து, அந்தப் பக்கத்தின் நகலையும் ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள்.